சால்வையைப் பார்த்துத் துரோகியைச் சொல்பவர்

சினிமா பார்ப்பவர்களில் பல இனங்கள் உண்டு. பாட்டு வந்ததும் தேநீர் ஊற்ற எழும்புகிறவர் ஓர் இனம். அழவேண்டிய இடம் வருவதற்கு முன்பே மூக்கை உறிஞ்சத் தொடங்குகிறவர் இன்னோர் இனம். முடிவை எங்கேயோ கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து, அதை அடுத்தவருக்குச் சொல்லாமல் இருக்கமுடியாமல் கதிரையில் நெளிகிறவரும் உண்டு. நான் இன்று உங்களுக்குக் காட்டப்போகிறவர் இவர்களில் ஒருவருமில்லை. வாளும் குதிரையும் முரசும் வருகிற சரித்திரப் படம் ஒன்று தொடங்கி, அரசவையில் ஆட்கள் வந்து வரிசையாக நிற்கும்போதே, ஒருவர் வாய் திறந்து ஒரு வசனம் பேசுவதற்கு முன்பே, அவர்கள் போட்டிருக்கும் உடுப்பையும் கையை வைத்திருக்கும் விதத்தையும் பார்த்து, இவன் துரோகி, இவன் கோழை, இவன் இடைவேளைக்கு முதல் செத்துப்போவான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுச் சாய்ந்து உட்காருகிற இனம் இது.

இவரை உங்களுக்குத் தெரியும். உங்கள் வீதியிலும் ஒருவர் இருப்பார். நாவற்குடாவில் எங்கள் வீதிக்கு வாய்த்தவர் நல்லரத்தினம் அண்ணன்.

அண்ணன் மின்சார மீற்றர் வாசிக்கிற உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். வீடு வீடாகப் போய், முகட்டோரம் உயரத்தில் பூட்டியிருக்கும் மீற்றரைத் தலையை இடப்பக்கம் சரித்து, ஒரு கண்ணைச் சுருக்கி, வாயைச் சற்றே திறந்து பார்த்துப் பார்த்து அவருடைய கழுத்தே அப்படி நின்றுவிட்டது. ஓய்வு பெற்ற பிறகு வாசிக்க மீற்றர் இல்லை. மனிதர்கள் இருந்தார்கள். விடுமுறை நாளில் பகல் சாப்பாடு முடிந்ததும் அவர் வீட்டு முன்மண்டபத்தில் பெரிய தொலைக்காட்சியைப் போடுவார், நாங்கள் அயலவர்கள் போய் உட்காருவோம், அவர் தலையைச் சரித்துக்கொண்டு அரசவையை வாசிக்கத் தொடங்குவார்.

அவருடைய சாத்திரத்தில் முதல் அதிகாரம் சால்வை. சால்வை தோளிலிருந்து நேராக விழுந்து தொங்கினால் அவன் நல்லவன், கடைசிவரை அரசன் பக்கம் நிற்பான். கழுத்தைச் சுற்றிக்கிடந்தால் குடும்பப் பாரம் உள்ளவன், யாராவது அவன் பிள்ளையைப் பிடித்துவைத்து மிரட்டுவார்கள். நழுவ நழுவ எடுத்துப் போட்டுக்கொள்கிறானா? துரோகி. விசாரணையே தேவையில்லை.

"ஏன் அண்ணன்?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"தம்பி, ஒரு சால்வையச் சும்மா வச்சிரிக்கத் தெரியாதவன் நாட்டச் சும்மா வச்சிரிப்பானா?"

அடுத்தது கைகள். மோதிரத்தைத் திருகுகிறவன் சதிகாரன். வாள்பிடியில் கையை வைத்துக்கொண்டே பேசுகிறவன் சண்டை வந்தால் முதலில் ஓடுவான். தாடையைத் தடவுகிறவன் திட்டம் போடுகிறவன், அதுவும் கெட்ட திட்டம். நல்ல திட்டம் போடுகிறவன் தாடையைத் தடவமாட்டானா என்று கேட்டால், "நல்லது செய்ய என்னத்துக்குத் தம்பி இவ்வளவு யோசின?" என்பார். பெருவிரல் நகம் நீண்டிருந்தால் அவன் பானத்தில் நஞ்சு கலக்கிறவன். வாசலால் நேராக வராமல் தோளை ஒடுக்கி ஒருக்களித்து வருகிறவன் ஒற்றன். உடம்பு முழுக்க நகை போட்ட மந்திரியின் மேல் அன்பு வைக்கவே கூடாது, அவர் இடைவேளையைத் தாண்டமாட்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அண்ணன் சொன்னது எதுவும் பிழைத்ததில்லை. நழுவுகிற சால்வைக்காரன் கடைசியில் கோட்டைக் கதவைத் திறந்துவிடத்தான் செய்தான். நகைபோட்ட மந்திரி நாங்கள் பகோடா கொறித்து முடிப்பதற்குள் முதுகில் கத்தியோடு விழுந்தார். ஒவ்வொரு முறையும் அண்ணன் எங்களைத் திரும்பிப் பார்த்து, "நான் சொல்லல்ல?" என்பார். படத்துக்கு உடுப்புத் தைக்கிறவர் துரோகிக்குத் துரோகியின் உடுப்பைத்தானே தைத்துக் கொடுப்பார், அதைக் கண்டுபிடிப்பதில் என்ன கெட்டித்தனம் இருக்கிறது என்று எனக்குள் ஒரு கேள்வி இருந்தது. நான் கேட்கவில்லை. பகோடா அவருடையது.

படத்தோடு நின்றிருந்தால் இந்தச் சித்திரமே எழுதவேண்டி வந்திராது. படம் முடிந்து தொலைக்காட்சியை அணைத்த பிறகும் அண்ணனுக்கு அரசவை கலைவதில்லை. மீன்காரர் தராசைத் தூக்கும்போது மார்பை நிமிர்த்துகிறபடியால் அவர் படைத்தளபதி. தபால்காரர் சைக்கிளிலிருந்து இறங்காமலே கடிதம் நீட்டுகிறபடியால் தூதுவன், நம்பலாம். நான் யார் என்று கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது. என் பழைய அரைக்கைச் சேட்டை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்க ரெண்டாம் மந்திரி" என்றார். முதலாம் மந்திரி பேசும்போது பக்கத்தில் நின்று தலையை ஆட்டுகிறவர். முழுப்படத்திலும் ஒரு வசனம்கூடக் கிடைக்காதவர். எனக்கு இது கொஞ்சம் உறைத்தது என்பதை மறைக்கப்போவதில்லை.

காத்தான்குடியில் புடவைக்கடை வைத்திருக்கும் பாறூக் நானாவும் எங்களோடு படம் பார்க்க வருவார். மஞ்சள் மின்னுகிற கைக்கடிகாரம், மடிப்புக் கலையாத வெள்ளைச் சேட், இரண்டு வீடு தள்ளி வரும்போதே முந்திக்கொண்டு வருகிற அத்தர் வாசம். அவரை அண்ணன் 'கடல் கடந்து வந்த வணிகன்' என்று வகுத்திருந்தார். பட்டும் முத்தும் காட்டிவிட்டு இரண்டாம் பாட்டோடு காணாமல் போகிறவன், போகும்போது ஏதாவது ரகசியத்தையும் கொண்டு போவான். நானா இதற்குக் கோபிப்பதில்லை.

"அண்ணன், நான் சின்ன வயசிலயிருந்து புடவ விக்கன். உடுப்பு ஒண்டத்தான் சொல்லும்."

"என்னத்த?"

"தன்ட வெலய."

இவ்வளவும் விளையாட்டு. ஆனால் அண்ணனுக்கு ஒரு தங்கை உண்டு, சீதேவிப்பிள்ளை. புருஷனை இழந்தவர். அவருக்கு ஒரே மகள் கம்சாயினி, விவசாயப் போதனாசிரியையாக வேலை பார்க்கிற பிள்ளை. எங்கள் பக்கத்தில் கல்யாணம் என்றால் தாய்மாமன் வாய் திறந்து சொல்லவேண்டும். அவர் சொல்லாமல் எதுவும் நகராது. அதனால் அந்தப் பிள்ளையின் வாழ்க்கை இந்தச் சால்வைச் சாத்திரத்தின் கையில் போய் விழுந்தது.

முதலில் வந்த சம்பந்தத்தை, மாப்பிள்ளை பேசும்போது மீசையைப் பின்னங்கையால் ஒதுக்கினான் என்று அண்ணன் தட்டிவிட்டார். அடுத்து வந்தவர் சேட்டின் மேல் பொத்தானைத் திறந்துவிட்டிருந்தார், போயிற்று. இரண்டு தடவையும் கம்சாயினி பேசாமல் இருந்தாள். இரண்டு பேரையும் அவளுக்கும் பெரிதாகப் பிடிக்கவில்லை என்பதுதான் காரணம், மாமாவின் மேதைமை அல்ல. ஆனால் மாமா அதையும் தன் வெற்றிக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

மூன்றாவது சம்பந்தம் அவளாகவே கொண்டுவந்தது. களுதாவளையில் உதயரூபன் என்று ஒருவர், சொந்தமாக வெற்றிலைத் தோட்டம் செய்கிறவர். கொடிக்கு அழுகல் நோய் வந்தபோது இவள் தோட்டம் பார்க்கப் போய் வந்திருக்கிறாள். நோய் மாறிவிட்டது, போக்குவரத்து மாறவில்லை. வீட்டில் வந்து நேராகச் சொன்னாள். சீதேவிப்பிள்ளை அக்கா அழுதுகொண்டே சந்தோஷப்பட்டார். பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணன் என்ன சொல்லுவார்?

எங்களூரில் மாப்பிள்ளை கேட்டுப் போகிறவர்கள் பெண் வீட்டார்தான். கட்டுகிறவன் பெண்ணின் வீட்டில் வந்துதான் இருப்பான், வீடும் அவள் பேரில்தான் எழுதியிருக்கும். ஒரு நல்ல நாள் காலையில் பாறூக் நானா ஓட்ட, அவருடைய வானில் அக்காவும் அண்ணனும் நானும் புறப்பட்டோம். வெற்றிலை விளைகிற ஊர் என்று ஒன்று இருந்தால் அது களுதாவளைதான், அந்த ஊருக்கே கடையில் வெற்றிலை வாங்கித் தட்டத்தில் அடுக்கிக்கொண்டு போனோம். வழக்கத்தை மாற்ற முடியுமா? அவர்கள் வெற்றிலையை நாங்கள் அவர்களிடம் கொண்டுபோய்க் கொடுக்க, அவர்கள் அதைப் பார்த்து, "நல்ல வெத்தில" என்று மரியாதைக்குச் சொன்னார்கள்.

பிறகு உதயரூபன் வந்தார். அவர் வீட்டு வாசல் நல்ல அகலம், மாட்டுவண்டியே போகலாம். ஆனால் மனிதர் அதற்குள்ளால் தோளை ஒடுக்கி, தலையைக் குனிந்து, இரண்டு கையையும் மார்போடு சேர்த்துப் பிடித்து, இடமும் வலமும் ஒருமுறை பார்த்து, ஒருக்களித்து வந்தார். எனக்கு அண்ணனைப் பார்க்கவே பயமாக இருந்தது. அவருடைய தலை மெல்ல இடப்பக்கம் சரிந்தது, கண் சுருங்கியது, வாய் திறந்தது. மாப்பிள்ளை தேநீர்த் தட்டை அண்ணனுக்கு முன் நீட்டியபோது அந்தப் பெருவிரல் நகமும் தெரிந்தது. நீளம். நுனி பச்சை பூத்திருந்தது.

அண்ணன் தேநீரைத் தொடவில்லை.

மாப்பிள்ளையின் தாய் தட்டத்திலிருந்து வெற்றிலையை எடுத்து அண்ணனிடம் நீட்டினார். இது சும்மா மெல்லுகிற வெற்றிலை இல்லை. பெண்ணின் தாய்மாமன் அதை வாங்கி வாயில் போட்டால் வார்த்தை முடிந்தது என்று பொருள். அண்ணன் கன்னத்தில் கையை வைத்தார்.

"பல்லுக்கொதி" என்றார்.

வான் களுதாவளையைத் தாண்டவில்லை, அண்ணன் வெடித்தார். "பாத்தீங்களா நடைய? அது ஒற்றன் நடை. நகத்தப் பாத்தீங்களா? நஞ்சு வைக்கிற நகம். வீட்டோட வந்து இரிக்கப்போறவன், கோட்டைக்குள்ள நாமளே ஒற்றனக் கூட்டிவந்து பாயும் போட்டுக் குடுக்கிறதா?"

"அண்ணன், அவன் தோட்டக்காரன்" என்று அக்கா மெதுவாகச் சொன்னார்.

"அப்படித்தான் சொல்லிக்கொண்டு வருவானுகள். எல்லாப் படத்திலயும் தோட்டக்காரனாத்தான் உள்ளுக்கு வாறது."

பாறூக் நானா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். இரண்டாம் மந்திரிக்கு வேறென்ன தெரியும்?

அன்று பின்னேரம் கம்சாயினி மாமாவைத் தேடி வந்தாள். நானும் அங்கேதான் இருந்தேன். அவள் அழவில்லை, சத்தம் போடவில்லை. மாமா சாய்ந்திருந்த கதிரைக்கு முன்னால் இன்னொரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மாமா, படத்தில இரிக்கிறவனுக்கு உடுப்பு எடுத்துக் குடுக்க ஒராள், கைய எங்க வைக்கிறது எண்டு சொல்லிக்குடுக்க ஒராள். இவருக்கு அப்படி ஆரும் இல்ல. இருந்தா நல்ல நடை நடந்திரிப்பார்."

"புள்ள, நான் எத்தன ஆளப் பாத்தவன்."

"நீங்க மீற்றரப் பாத்தீங்க மாமா. ஆள் கதவத் துறந்து விட்டுட்டு உள்ளுக்குப் போயிருக்கும்." அவள் கதிரையை இன்னும் கிட்ட இழுத்தாள். "முந்தி வந்த ரெண்டையும் நீங்க வேணாம் எண்டீங்க, நான் ஒண்டும் சொல்லல்ல. இவர வேணாம் எண்டா எனக்கு மறுகா ஒருத்தரும் வேணாம். நீங்க சொல்லாம அம்மா செய்யமாட்டா. உங்களத் தாண்டி நானும் போகமாட்டன். அவ்வளவுதான்."

அவள் போன பிறகு அண்ணன் தொலைக்காட்சியைப் போடவில்லை. இப்படிப்பட்ட மனிதர்கள் கல்நெஞ்சர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பிள்ளையைத் தோளில் வைத்துக் களுதாவளைப் பிள்ளையார் கோயில் தேருக்குக் கூட்டிப்போனவர் அவர்தான். அவள் மேல் உயிர். அந்த உயிரால்தான் இவ்வளவு கெடுதலும். நீண்ட நேரம் சால்வையைக் கையில் சுற்றிக்கொண்டு இருந்தவர், திடீரென்று நிமிர்ந்தார். ஆதாரம் வேண்டும். ஒற்றனைக் கையும் களவுமாகப் பிடிக்க அரசன் என்ன செய்வான்?

மாறுவேடத்தில் போவான்.

மறுநாள் பாறூக் நானாவின் கடையில் அரசனுக்கு உடுப்பு எடுத்தோம். கல்முனையிலிருந்து வெற்றிலை வாங்க வந்த மொத்த வியாபாரி என்று வேடம். கட்டம்போட்ட புதுச் சாறன், மினுங்கல் சேட், தலையில் துவாய், கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. கண்ணாடியின் முன் நின்று அண்ணன் மார்பை விரித்து, வயிற்றைத் தள்ளி, வியாபாரி எப்படி நிற்பான் என்று பழகினார். உண்மையான வியாபாரி ஒருவர் பக்கத்தில் நிற்கிறார், அவரைப் பார்க்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. நானா கொட்டாவியை அடக்கிக்கொண்டு நின்றார்.

வான் பிள்ளையார் கோயிலைத் தாண்டும்போது வழக்கம்போல் நானா வேகத்தைக் குறைத்தார். அண்ணன், "நிப்பாட்டாதீங்க" என்றார். மாறுவேடத்தில் கும்பிட்டால் ஆள் யாரென்று பிள்ளையாருக்குத் தெரியாமல் போய்விடுமாம்.

வெற்றிலைத் தோட்டத்துக்குள் நீங்கள் போயிருக்கிறீர்களா? சுற்றிவரத் தென்னங்கிடுகு வேலி. நுழைகிற இடம் ஆள் குனிந்து போகிற உயரம். உள்ளே கம்புகளில் படர்ந்து கொடிகள் சுவர் சுவராக நிற்க, இடையில் போகிற பாதை ஓர் ஆளின் தோள் அகலம்கூட இல்லை. இலை கிழிந்தால் விலைப்படாது. நிழலும் ஈரமும் ஒரு காரமான பச்சை வாசமும். வானோடு நானா வீதியில் நிற்க, நாங்கள் இருவரும் வேலியருகே வந்தோம். அண்ணன் வழக்கம்போல் தலையைச் சரித்து, கம்புக்கு மேல் எழும்பி நின்ற கொடியைப் பார்த்தார். அண்ணன் கல்முனை வியாபாரியாக மார்பை விரித்துக்கொண்டு நுழைந்தார். துவாய் கிடுகில் மாட்டியது. எடுத்துக் கட்டிக்கொண்டு இன்னோர் எட்டு வைத்தார். இரண்டு பக்கத் தோளிலும் கொடி அடித்து, சரக்கென்று சில இலைகள் கிழிந்து விழுந்தன. அண்ணன் நல்ல மனிதர், மற்றவன் பொருளைக் கெடுக்க மனம் வராதவர். தோளைக் கொஞ்சம் ஒடுக்கினார். போதவில்லை. உடம்பைத் திருப்பினார். தலையைக் குனிந்தார். கை இரண்டையும் மார்போடு சேர்த்துக்கொண்டார். இலை படுகிறதா என்று இடமும் வலமும் பார்த்தார். பார்த்துப் பார்த்து ஒருக்களித்து நடந்தார்.

நான் பின்னால் நின்று பார்த்தேன். அதே நடை. ஒரு குறையும் இல்லை. இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று நாக்கு துடித்தது. ஆனால் எனக்கு வசனம் இல்லை என்று தீர்ப்புச் சொன்னவர் அவர்தானே? பேசாமல் நானும் ஒருக்களித்து நடந்தேன்.

"ஆரடா அது?" என்று பக்கத்துத் தோட்டத்திலிருந்து இடிபோல் ஒரு குரல்.

வேலிக்கு மேலால் ஒரு தலை எழும்பியது. கதிர்காமத்தம்பி என்று பிறகு அறிந்தோம், அடுத்த தோட்டத்துக்காரர். அந்த மாதம் யாரோ தோட்டங்களுக்குள் புகுந்து வெற்றிலை திருடிக்கொண்டிருந்தார்களாம், இது எங்களுக்குத் தெரியாது. அவர் ஒரு கம்பைப் பிடுங்கிக்கொண்டு வேலியைச் சுற்றி வந்துவிட்டார்.

"கள்ளன்! டேய், வெத்திலக் கள்ளன் ஆம்பிட்டான்!"

"நான் கள்ளனில்ல, வியாபாரி" என்றார் அண்ணன், கொடிச் சுவருக்குள் ஒடுங்கி நின்றபடி.

"வியாபாரியா? நிழலுக்குள்ள கறுப்புக் கண்ணாடி என்னத்துக்கு? மூஞ்ச மறைக்கத் தலையில துவாய் என்னத்துக்கு? காலில செருப்போட வெத்திலத் தோட்டத்துக்குள்ள வாற வியாபாரி எங்க இரிக்கான்? சாறனிலயும் வெலச்சீட்டுத் தொங்குது, அதயும் எங்கயோ கடையில அடிச்சிரிக்கான்! ஆளப் பாத்தாலே தெரியுதே!"

அப்போதுதான் அண்ணன் அந்த வாக்கியத்தைச் சொன்னார். என் காதால் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றி, வேர்த்த முகத்தோடு சொன்னார்.

"என்ன மனிசன் நீங்க? உடுப்பப் பாத்து ஆளச் சொல்லலாமா?"

நான் மேலே படர்ந்திருந்த கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேறு எங்கே பார்ப்பது?

சத்தம் கேட்டுத் தோட்டத்தின் கடைசியிலிருந்து உதயரூபன் ஓடி வந்தார். ஓட்டமும் ஒருக்களித்த ஓட்டம்தான், ஓர் இலை அசையவில்லை. வந்தவர் அண்ணனுக்கும் கம்புக்கும் நடுவில் நின்றார்.

"கம்பக் கீழ போடுங்க. இது மாமா."

"எந்த மாமா?"

"எனக்கு வரவேண்டிய மாமா" என்றார் உதயரூபன். சொல்லிவிட்டு வெட்கப்பட்டார். பின்னால் வந்த அவருடைய தாய் சிரிப்பை முந்தானையால் மூடினார். அண்ணனுக்குத் தன்னை எப்படி அடையாளம் கண்டார்கள் என்பதுதான் விளங்கவில்லை. இவ்வளவு செலவழித்துப் போட்ட வேடம்!

"எப்படித் தம்பி தெரிஞ்சது?"

"வரும்போதே கண்டுட்டன் மாமா. கம்புக்கு மேல கொடியத் தலையச் சரிச்சு, வாயத் துறந்து பாத்தீங்க. மீற்றர் பாத்த கழுத்து எண்டு கம்சாயினி சொல்லியிரிக்கா. தோட்டத்துக்குள்ள நடந்த என்ட கால் வீட்டுக்குள்ளயும் இப்படித்தான் நடக்குது, அது மாதிரித்தானே?"

அண்ணன் தன் காலைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். கிழிந்து கிடந்த இலைகளைக் குனிந்து பொறுக்கி, அவற்றை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வேர்வையும் வெட்கமுமாக, வாய் வறண்டு, அவர் அப்படி நின்றது எனக்கு உண்மையில் பாவமாக இருந்தது. அவர் நின்ற நிலையைப் பார்த்து உதயரூபன் மேலே கையை நீட்டி, கொடியில் ஓர் இளம் வெற்றிலையைப் பெருவிரல் நகத்தால் கிள்ளினார். அந்த நகத்தால்தான். நகம் இல்லாவிட்டால் காம்பு இழுபட்டுக் கொடி காயப்படும், எல்லாத் தோட்டக்காரருக்கும் பெருவிரலில் ஒரு நகம் உண்டு. கதிர்காமத்தம்பிக்கும் இருந்தது. இலையைச் சாறன் தலைப்பில் துடைத்து, நுனியைக் கிள்ளிப் போட்டு, பாக்கும் சுண்ணாம்பும் வைத்து மடித்து நீட்டினார்.

"வாய்க்குப் போடுங்க மாமா. பயந்துட்டீங்க."

அண்ணன் வாங்கினார். வாயில் போட்டார். கண்ணை மூடி மென்றார். பயத்தில் மென்றாரா, தாகத்தில் மென்றாரா, தெரிந்தே மென்றாரா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியாது. ஆனால் பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் தாய் முந்தானையை வாயிலிருந்து எடுத்தார்.

"பல்லுக்கொதி சுகமாப் போச்சா, அண்ணன்?"

அண்ணன் மெல்லுவதை நிறுத்தினார். பெண்ணின் தாய்மாமன், மாப்பிள்ளையின் கையால், மாப்பிள்ளையின் தோட்டத்தில், சாட்சிகள் பார்க்க வெற்றிலை போட்டிருக்கிறார். துப்ப முடியுமா? விழுங்கினார்.

"சுகந்தான்" என்றார். பிறகு தொண்டையைச் செருமி, அவருக்கே உரிய தோரணையில், "பிள்ளைய நல்லாப் பாத்துக்கொள்ளுங்க" என்றார். இதைச் சொல்லும்போது அவருடைய கண் நிறைந்தது. சுண்ணாம்பு உறைப்பு என்று எங்களுக்குச் சொன்னார், நாங்களும் ஒப்புக்கொண்டோம்.

திரும்பும் வழியில் பிள்ளையார் கோயிலில் வானை நிறுத்தச் சொல்லி, துவாயையும் கண்ணாடியையும் எனக்குத் தந்துவிட்டு, சொந்த முகத்தோடு இறங்கிப் போய்க் கும்பிட்டார். வானுக்குள் ஏறியதும், "நான் முதலே நினச்சன்" என்றார். "ஒடுங்கி நடக்கிறவன் மத்தவன் பொருளில படாம நடக்கிறவன். அப்படிப்பட்டவன்தான் வீட்டோட வந்து இரிக்க நல்லம். நான் சொல்லல்ல?"

சொல்லவில்லை. ஆனால் நான் தலையை ஆட்டினேன்.

கல்யாணம் அந்தக் கோயிலிலேயே நடந்தது. இந்தக் காலத்துக் கல்யாணம், ஆகவே மாப்பிள்ளைக்குத் தலைப்பாகையும் சரிகைச் சால்வையும் போட்டு ஓர் அரசனாக்கி, வீடியோ எடுக்கிற தம்பி "நெஞ்ச நிமித்துங்க, நேரா நடங்க, சிரிக்காதீங்க" என்று பயிற்சியும் கொடுத்துவிட்டிருந்தார். உதயரூபன் நிமிர்ந்து, நேராக, யாரையும் பார்க்காமல் நடந்து வந்தார். எல்லாரும் ராஜா மாதிரி என்றார்கள். அண்ணன் என் காதருகே குனிந்தார், தலை இடப்பக்கம் சரிந்திருந்தது.

"தம்பி, நேரா நடக்கான். எனக்குப் பிடிக்கல்ல. இது நம்மட பொடியன்ட நடை இல்ல."

தாலி கட்டி முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் நாவற்குடாவுக்கு வந்தார்கள். சீதேவிப்பிள்ளை அக்கா ஆராத்தி எடுத்தார். கம்சாயினி மாலையும் கூறைச்சேலையுமாக வாசலில் நின்றாள், அவளுக்குப் பக்கத்தில் வாசலில் போதிய இடம் இருந்தது. ஆனால் உதயரூபன் அவள் மாலையில் ஒரு பூக்கூடக் கசங்காதபடி தோளை ஒடுக்கி, தலைப்பாகையோடு குனிந்து, கையை மார்போடு சேர்த்து, ஒருக்களித்து அந்த வீட்டுக்குள் நுழைந்தார். வீடியோத் தம்பி "நேரா, நேரா" என்று கத்தினார். அண்ணன் அவருடைய கையைப் பிடித்து நிறுத்தினார்.

"விடு மனே. இப்பதான் ஆள் வந்திரிக்கான்."

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது, சிரியுங்கள். நல்லரத்தினம் அண்ணன் மாதிரி ஆட்கள் எங்கள் வீதியில்தான் இருக்கிறார்கள், உங்களுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். மின்னுகிற கைக்கடிகாரம், அத்தர் வாசம் என்று நான் சொன்னவுடன், இந்தக் கதையில் ஏதாவது தில்லுமுல்லுப் பண்ணப்போகிறவர் பாறூக் நானாதான் என்று நீங்கள் ஒரு நொடி நினைக்கவில்லையா? அவர் தன் வானில் எங்களை ஏற்றி இறக்கியதைத் தவிர ஒரு பாவமும் செய்யவில்லை. பழைய அரைக்கைச் சேட் என்று சொன்னபோது என்னைப் பற்றியும் ஏதோ தீர்மானித்திருப்பீர்கள். பரவாயில்லை, எனக்குப் பழகிவிட்டது.

இன்னும் ஒன்று. இதை வாசித்துக்கொண்டிருக்கும் உங்கள் கை இப்போது எங்கே இருக்கிறது? தாடையிலா? அவசரப்பட்டு எடுக்காதீர்கள். கையைச் சும்மா வைத்திருக்கத் தெரியாதவர் என்று, பக்கத்தில் இருந்து தலையைச் சரித்து உங்களையே பார்த்துக்கொண்டிருப்பவர் தீர்ப்புச் சொல்லிவிடுவார்.